சீமைக்கிழவியின் குரல்

ஜூன் 2, ஞாயிறு

என் பேரப்பிள்ளைகளில் மூத்தவன் கார்த்திகைராஜன் ஜெர்மனியில் கார் கம்பெனியில் இருக்கிறான். வெள்ளைக்காரர்களே அவனிடம் வந்து சந்தேகம் கேட்கிறார்கள். அவன் தங்கை சிவசங்கரி முதல் தடவையிலேயே பேங்க் பரீட்சை பாசாகி இப்போது திருச்சியில் மேனேஜர். அவள் கையெழுத்து இல்லாமல் அந்தக் கிளையில் ஒரு பீரோ திறக்காது. மகள் பூரணத்தின் மகன் தாமோதரன் ஆடிட்டர். படிக்கும்போதே ஊர்ப் பெரிய மனிதர்கள் அவன் வாசலில் வந்து நின்றார்கள். இளைய மகன் சங்கரலிங்கத்தின் பையன் அபிநவ் மஸ்கட்டில் எட்டாம் வகுப்பு, சதுரங்கத்தில் அவன் உயரத்துக்கு ஒரு கோப்பை வாங்கியிருக்கிறான்.

எல்லோர் படமும் கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு வரிசையாகத் தொங்குகிறது. பாசானால், வேலை கிடைத்தால், கோப்பை வாங்கினால் படம் ஏறும். இந்த வீட்டில் இப்படி ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியவள் நான். வரிசைக்கு நடுவில் இருக்கிற ஆணியில் தினக்காலண்டர் மாட்டியிருக்கிறேன். தேதி பார்க்க வசதியான இடம்.

இந்த நோட்டை சங்கரலிங்கத்தின் பெண்டாட்டி நிர்மலா கொடுத்துவிட்டுப் போனாள். அவள் அம்மா செண்பகவல்லி டீச்சருக்குக் கண்ணுக்குள்ளே திரை கிழிந்துவிட்டதாம். ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் காற்றை அடைத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் காற்று மேலே ஏறித் திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். அதற்கு ஆள் குப்புறவே கிடக்க வேண்டும். உட்கார்ந்தாலும் நடந்தாலும் தலை தரையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். நிமிர்ந்தால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கோவில்பட்டியில் டீச்சரைப் பார்க்க யாரும் இல்லை. கண் ஆஸ்பத்திரி இந்த மதுரையில் என் வீட்டிலிருந்து ஆட்டோ தூரம். நிர்மலாவுக்கு லீவு முடிந்துவிட்டது.

"சொட்டு மருந்து விட்ட நேரத்தை இதுல எழுதி வைங்க அத்தை. அம்மாவை நீங்கதான் பாத்துக்கிடணும்" என்றாள்.

நேரம் மட்டும் எழுத இவ்வளவு பெரிய நோட்டு எதற்கு? நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். அந்தக் காலத்து அஞ்சாம் வகுப்பு. மிச்ச இடத்தில் வேண்டியதை எழுதிக்கொள்வேன்.

காலை, மதியம், மாலை மருந்து விட்டாயிற்று.

ஜூன் 4, செவ்வாய்

டீச்சர் ஒரு பை நிறைய அரிசி கொண்டுவந்திருக்கிறாள். இன்றைக்குத்தான் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன்.

"இது என்ன மைனி?" சம்பந்திகள் நாங்கள் ஒருவரையொருவர் மைனி என்றுதான் கூப்பிடுவது.

"என் சாப்பாட்டுக்கு. பொண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுல கை நனைக்கப்படாதுல்லா."

"எங்க வீட்டு அரிசி உங்க தொண்டையில இறங்காதோ?"

"உங்க வீட்டுல வந்து குப்புறப் படுத்துக்கிடக்கதே எனக்கு வெக்கமா இருக்கு. சோறாவது என் சோறா இருக்கட்டும்."

"சோறு உங்களது. குழம்பு?"

"புளி, பருப்பு அந்தப் பைக்கு அடியில இருக்கு மைனி."

தட்டும் தம்ளரும்கூடக் கொண்டுவந்திருந்தாள். நான் அவள் அரிசியை அப்படியே வைத்துவிட்டு என் அரிசியை வடித்துப் போட்டேன். தலை குனிந்து கிடப்பவளுக்கு எது யார் அரிசி என்று தெரியப்போகிறதா? ஒரு வாய் மென்றாள். "இது என் அரிசி இல்ல" என்றாள். ஆனால் தட்டைக் காலி பண்ணினாள்.

மத்தியானம் இன்னொரு தொல்லை ஆரம்பித்தது. டீச்சர் படிக்கக் கூடாது, டிவி பார்க்கக் கூடாது. ஆகவே கதை கேட்கிறாள். தரையில் மூக்குக்கு நேராக போனை வைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கினால் அது கதை சொல்கிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தி, இங்கிலாந்தில் ராணி ஆண்டபோது எழுதின பெரிய நாவலாம். தமிழாக்கி, ஒரு பெண்ணை வைத்து வாசிக்கவைத்திருக்கிறார்கள். எனக்குத் துவைக்கிற வேலை இருந்தது. பின்பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்தும் அது ஓயவில்லை. சத்தம் தரை வழியாக அடுக்களை வரை வருகிறது.

யாரோ ஒரு பெண். யாராக இருந்தால் எனக்கென்ன?

கிரைண்டரில் அரிசியைப் போட்டேன். அது ஓடினால் எந்த வாசிப்பும் கேட்காது.

ஜூன் 5, புதன்

இன்றும் மாவு அரைத்தேன். பிரிட்ஜில் வைக்க இடமில்லை.

ஜூன் 7, வெள்ளி

கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. வீடே சத்தமில்லாமல் ஆயிற்று. போன் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. கதையில் கப்பல் முதலாளி மகள் வின்னி, அநாதையாகி, அப்பா சொத்தை விழுங்கின வக்கீலின் வீட்டு வாசலில் மழையில் நிற்கிறாள். தெளிவான வாசிப்பு. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து விழுந்தது.

டீச்சர் கட்டிலிலிருந்து, "இனி என்ன செய்வீங்க மைனி? அம்மியில அரைப்பீங்களா?" என்றாள்.

"என் வீடு. நான் எதுல வேணாலும் அரைப்பேன்."

"அது யாரு குரல்னு தெரியாமலா இத்தனை மாவு அரைக்கீக? நம்ம செல்லி குரல் உங்களுக்குத் தெரியாது, அப்படித்தான?"

"அந்தப் பேச்சை எடுக்காதீங்க."

"எடுப்பேன். எனக்கும் பேத்திதான் அவ."

"உங்க பேத்தியாவே வச்சுக்கிடுங்க! கதைப் புஸ்தகத்தைக் கொடுத்துக் கொடுத்து அவளைக் கெடுத்தது நீங்கதான. ஒழுங்கா டாக்டராகி இருக்கவேண்டிய பிள்ளை."

"அவளுக்கு ரத்தத்தைக் கண்டா மயக்கம் வரும். சின்னதுலேருந்தே வரும். உங்களுக்கு அது தெரியும். வெள்ளைக் கோட்டு மாட்டுன படம் உங்க சுவருக்கு வேணும்னு அவளைக் கொண்டுபோய்ச் சேத்தீக."

சொட்டு மருந்துக்கு நேரமாகியிருந்தது. கண்ணில் விடுகிற நேரத்துக்கு மட்டும் அவளைத் திருப்ப வேண்டும். ஒரு கையால் அவள் நெற்றியைப் பிடித்து, மறு கையால் விட்டேன். இரண்டு பேரும் மூஞ்சியைப் பார்த்துக்கொள்ளவில்லை.

எழுதாமல் விட்டால் நிர்மலா நோட்டைப் படித்துவிட்டு நான் மறைத்ததாகச் சொல்லுவாள். ஆகவே எழுதுகிறேன். சங்கரலிங்கத்துக்கு அபிநவுக்கு முன்னால் ஒரு மகள் உண்டு. மகனுக்கு முதல் பெண் பிறந்தால் அப்பாவைப் பெற்றவள் பெயரை வைக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. என் பெயர் உலகம்மாள். அவளுக்கும் அதைத்தான் வைத்தார்கள். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்று நிர்மலா அவளைச் செல்லி என்று கூப்பிட்டாள். வீட்டில் எல்லோருக்கும் செல்லி ஆகிவிட்டாள். மெடிக்கல் காலேஜில் சேர்ந்த அன்றைக்கே கோட்டும் கழுத்துக்குழாயும் போட்டுப் படம் எடுத்து, சுவரில் நடுவில் மாட்டினேன்.

நாலு வருஷத்துக்கு முந்தி தென்காசிப் பக்கம் எங்கள் கோயில் கொடைத் திருவிழாவுக்கு எல்லோரும் போயிருந்தோம். சொந்தக்காரப் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு முட்டு வலிக்கு மருந்து கேட்டார்கள். நான்தான், "கேளுங்கட்டி, எம் பேத்தி டாக்டர்" என்று கூட்டிக்கொண்டு வந்தேன். அத்தனை பேர் முன்னாலும் அவள், "நான் படிப்பை விட்டு ஆறு மாசமாச்சு ஆச்சி" என்றாள். "அப்போ என் பேரையும் விட்டுரு. இனி அதைச் சொல்லிக்கிட்டு அலையாத" என்றேன். அன்றைக்குப் போனவள்தான். ஆச்சி கூப்பிட்டால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டதாகக் கேள்வி. நான் எதற்குக் கூப்பிட வேண்டும்?

கரண்ட் சாயங்காலம் வந்தது. பாதி அரைத்த மாவு புளித்துவிட்டது.

ஜூன் 9, ஞாயிறு

போனில் சார்ஜ் போட்டால்தானே பேசும். டீச்சர் குளியலறைக்குப் போயிருந்தபோது சார்ஜரைப் பிடுங்கி அவள் அரிசிப் பைக்குள்ளேயே புதைத்துவிட்டேன். அந்த அரிசியைத்தான் யாரும் தொடுவதில்லையே.

மத்தியானத்தோடு போன் செத்துப்போயிற்று.

டீச்சர் தேடினாள். தலையைக் குனிந்துகொண்டு, சுவரைத் தடவித் தடவி, பிளக் இருக்கிற இடமெல்லாம் போனாள். அவளுக்குத் தரைதான் தெரியும், என் காலும் தெரியும். என் காலுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எடுத்தீகளா மைனி?"

"நான் என்னத்துக்கு எடுக்கேன்?"

"சரி. நான் கிளம்புதேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பையை எடுத்தாள். சேலையை மடிக்காமலே திணித்தாள். தட்டையும் தம்ளரையும் போட்டாள். செருப்பைத் தேடி வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

"எங்க போறீக? பஸ்ஸுல இந்தக் குலுக்கல்ல கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

"போனா என் கண்ணுதான மைனி? அவ முகத்தை நாலு வருஷத்துல எத்தனை தடவை பாக்க முடிஞ்சுது எனக்கு? குரலாவது கேட்டுக்கிட்டு இருந்தேன். அதுவும் கிடையாதுன்னா இந்தக் கண்ணை வச்சு உங்க சுவத்தையா பாக்கப்போறேன்?"

சொல்லும்போது ஆத்திரத்தில் தலை மேலே வந்துகொண்டிருந்தது. நான் பாய்ந்து பின்மண்டையில் கை வைத்து அமுக்கினேன். பலமாகத்தான் அமுக்கினேன். மோவாய் நெஞ்சில் இடித்தது. கிழவியின் கழுத்துக்கு நல்ல பலம். மேலே தள்ளுகிறாள், நான் கீழே அமுக்குகிறேன். தெருவில் போகிறவர்கள் பார்த்திருந்தால் கொலை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"சார்ஜர் உங்க அரிசிக்குள்ள இருக்கு" என்றேன்.

கழுத்து தளர்ந்தது. அப்படியே உள்ளே போய்ப் பையைக் கவிழ்த்தாள். கூடம் முழுக்க அரிசி. அதன் நடுவில் உட்கார்ந்து சார்ஜரை ஊதித் துடைத்தாள்.

"அஞ்சாங்கிளாஸ்ல இதைத்தான் சொல்லிக்கொடுத்தாகளா?" என்றாள்.

அரிசியை நான்தான் கூட்டி அள்ளினேன்.

ஜூன் 10, திங்கள்

கிரைண்டர் போடவில்லை. போட்டு வைக்கப் பாத்திரம் இல்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

முருங்கைக்கீரை உருவுவதற்கு அடுக்களை நிலைப்படிதான் வெளிச்சமான இடம். அங்கே உட்கார்ந்தால் கதை காதில் விழத்தான் செய்யும்.

அந்தக் கதையில் யாரும் குளிப்பதாக இல்லை. எந்நேரமும் மழை, எந்நேரமும் டீ. ஒரு பேச்சு பேச மூன்று பக்கம் எடுத்துக்கொள்கிறார்கள். வின்னி என்ற பெண் தொட்டதற்கெல்லாம் அழுகிறாள். சொத்தை ஏமாற்றினவன் கிரிம்ஷா என்ற வக்கீல் என்று எனக்குத் தெரிகிறது, கதை எழுதினவருக்குத் தெரிகிறது, அவளுக்கு மட்டும் தெரியவில்லை. இப்போது ஒரு பணக்காரக் கிழவி வீட்டில் கூடமாட இருக்க வேலைக்குப் போயிருக்கிறாள். கிழவிக்கு நீளமாக ஒரு சீமைப் பெயர், என் வாயில் நுழையவில்லை. சீமைக்கிழவி என்றே வைத்துக்கொள்கிறேன். கையில் மணி வைத்திருக்கிறாள். ஆள் வரத் தாமதமானால் அடிக்கிற மணியையே தூக்கி எறிகிறாள். அந்தக் கதையிலேயே புத்தியுள்ளவள் அவள் ஒருத்திதான்.

கீரை உருவி முடிந்த பிறகு காம்பையும் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

"கீரை ஆச்சா மைனி?"

"இன்னும் இருக்கு."

ஜூன் 12, புதன்

காலை மருந்து விட்டேன். மத்தியானம் விட மறந்து, அரைமணி கழித்து விட்டேன். டீச்சர்தான் காரணம்.

சீமைக்கிழவி இன்றைக்குத்தான் நிறையப் பேசினாள். முதலில் தொண்டையைச் செருமினாள். பிறகு, "கதவைச் சாத்து பெண்ணே. உள்ளே வருகிற குளிருக்கு நான் விறகு வாங்க வேண்டியிருக்கிறது" என்றாள். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் ஒரு இழுப்பு இழுத்து, டக்கென்று வெட்டினாள். நடுவில் நாக்கைச் சப்புக்கொட்டினாள். எங்கேயோ கேட்ட பேச்சாக இருந்தது. யார் யார் என்று யோசித்துக்கொண்டே கீரைத்தட்டை வைத்தேன்.

தலையணைக்குள் டீச்சர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள்.

"என்ன சிரிப்பு? கண்ணுல காத்து இருக்குது, மறந்துபோச்சா?"

"இது யாரு குரல்னு கேட்டீகளா மைனி?"

"சீமைக்கிழவி குரல்."

"சீமைக்கிழவிக்கு ஏது தென்காசி இழுப்பு?"

மறுபடி பின்னால் தள்ளி அதே இடத்தைப் போட்டாள். செருமல். இழுப்பு. சப்புக்கொட்டல். நான் கேஸ்காரனிடம் பேசுவது இப்படித்தான். பால்காரனிடம், ஏன், இதே டீச்சரிடம் பேசுவதும் இப்படித்தான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சங்கரலிங்கம் என்ன, அவன் அப்பா இருந்தவரை என்ன, இந்த வீட்டில் என்னைப் போல் பேசிக்காட்ட ஒருத்தருக்கும் தைரியம் வந்ததில்லை. ஊர் உலகமெல்லாம் காசு கொடுத்துக் கேட்கிற கதையில், மணியைத் தூக்கி எறிகிற மூதேவிக்கு என் தொண்டையைக் கொடுத்திருக்கிறாள்.

"என் பேரை விடுன்னா குரலையும் தூக்கிக்கிட்டுப் போயிருக்கா, களவாணி!"

"நல்லா இருக்குல்லா?"

"நாக்கை இத்தனை தடவையா நான் சப்புக்கொட்டுதேன்?" என்றேன்.

கேட்டுவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினேன். டீச்சர் தலையணையைக் கடித்துக்கொண்டாள்.

ஜூன் 14, வெள்ளி

எதிர்வீட்டுப் பாண்டிச்செல்வி வந்தாள். அவள் மகள் டிவியில் பாட்டுப் போட்டியில் முதல் சுற்றுத் தாண்டினதிலிருந்து கையில் போனோடுதான் அலைகிறாள். வாசலில் நின்றபடியே மூன்று தடவை அந்தப் பாட்டைப் போட்டுக் காண்பித்தாள்.

"ஊரு பூரா இவ குரலைத்தான் ஆச்சி பேசுறாங்க. உங்க வீட்டுப் பிள்ளைகள்லாம் ஆபீசு உத்தியோகம். இந்த மாதிரி குரல் வளமெல்லாம் எல்லாருக்கும் அமையாதுல்ல?"

எனக்குச் சுர்ரென்றது. அந்த நேரம் பார்த்து உள்ளே டீச்சர் அடுத்த பாகத்தைப் போட்டாள். ஒவ்வொரு பாகமும் ஆரம்பிக்கும்போது பெயர் சொல்லும்போலிருக்கிறது. இதுவரை அந்த நேரத்தில் நான் பின்பக்கம் இருந்திருக்கிறேன், இல்லையென்றால் கிரைண்டர் ஓடியிருக்கிறது. இன்று ஓடவில்லை.

"வாசிப்பது, உலகம்மாள்" என்றது போன்.

பேத்தி காலேஜில் அந்தப் பெயருக்காகக் கேலி வாங்கினவள். செல்லி என்றே போட்டிருக்கலாம். சினிமாக்காரி மாதிரி ஏதாவது ஒரு புதுப் பெயர் வைத்திருக்கலாம். யாரும் கேட்கப்போவதில்லை.

பாண்டிச்செல்விக்கு வாய் பிளந்துவிட்டது. "ஆச்சி, உங்க பேருல்ல சொல்லுது! நீங்களா வாசிச்சீங்க?"

"நான் எதுக்கு வாசிக்கேன்? எம் பேத்தி. சங்கரலிங்கத்தோட மூத்த மக. என் பேருதான் அவளுக்கு. பாட்டுன்னா மூணு நிமிஷத்துல முடிஞ்சுபோயிரும். இது சீமைக் கதை, நாள்கணக்கா ஓடும். கிழவி, குமரி, வக்கீல், குதிரைவண்டிக்காரன் அத்தனை பேருக்கும் இவ ஒருத்தியே பேசுதா. உம் மவளைப் பேசச் சொல்லு பாப்போம்."

பாண்டிச்செல்வி போனை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பினேன். டீச்சர் கதையை நிறுத்தியிருந்தாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, தலையணைக்குள் இருந்தது.

"என்னத்துக்கு நிறுத்தினீக?" என்றேன். "கரண்டு காசு உங்களுக்கா ஆகுது? போடுங்க."

ஜூன் 15, சனி

மருந்து சரியான நேரத்துக்கு விட்டேன். டீச்சர் நேற்று நடந்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாகக் கொடுத்திருப்பேன்.

ஜூன் 17, திங்கள்

இன்று சீமைக்கிழவி செத்துப்போனாள்.

சுலபமாகச் சாகவில்லை. பனி கொட்டுகிற ஊரில், அவ்வளவு பெரிய வீட்டில், மணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கக் கிடந்தாள். வின்னி கூடவே இருந்தாள். கடைசியில் கிழவி தொண்டையைச் செருமினாள். பிறகு, "மணியை எடுத்து அப்பால் வை. இனி நீ கூப்பிடாமலே வருவாய் என்று தெரிந்துவிட்டது" என்றாள். கடைசிச் சொல்லை இழுத்தாள். வெட்டவில்லை. அது இழுத்துக்கொண்டே போய்த் தேய்ந்து அடங்கிப்போயிற்று.

அதற்கப்புறம் வாசிப்பே இல்லை. போன் கெட்டுவிட்டதோ என்று பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான், "விடிந்தபோது" என்று அடுத்த வரியை ஆரம்பித்தாள். குரல் கம்மிப்போயிருந்தது.

நான் பின்பக்கம் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். வெயில் அதிகம்.

அடுப்புப் பற்றவைக்கவில்லை. சாயங்காலம் தெருமுனைக் கடையில் இட்லி வாங்கி வந்தேன். பிரிட்ஜ் நிறைய மாவு இருக்கிறது.

"என்ன மைனி, கடை இட்லி?"

"கேஸ் தீந்துபோச்சு."

டீச்சர் தட்டைத் தொடவில்லை. தலை குனிந்தபடி ஈரம் சொட்டுகிற என் சேலை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரிதான். தீந்துபோன வீட்டுல அடுப்பு எப்படி எரியும்" என்றாள். அந்த வாயாடி என்னைக் கேலி செய்திருக்க வேண்டிய இடம். அவள் செய்யவில்லை.

ஜூன் 19, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆட்டோவில் டீச்சர் என் மடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். வேறு எப்படி வருவது? மடி கனத்துக் கால் மரத்துப்போயிற்று.

"அந்தச் சாவுக் கட்டத்தைச் செல்லி ஒரேயடியா வாசிக்கல" என்று மடிக்குள்ளிருந்து பேசினாள். "வாசிக்க முடியலன்னு ரெண்டு நாளு வேலைக்குப் போகலயாம்."

"போகலன்னா சம்பளம் யாரு கொடுப்பா? பொறுப்பில்லாத கழுதை."

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். திரை ஒட்டிவிட்டதாம். காற்றும் கரைந்துகொண்டிருக்கிறதாம். இனி நிமிரலாம், பார்வை கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும் என்றார். டீச்சர் நிமிர்ந்தாள். இத்தனை நாளும் உச்சந்தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூஞ்சி வீங்கி, தலையணைத் தழும்போடு, பார்க்கச் சகிக்கவில்லை. அவளும் என்னை உற்றுப் பார்த்தாள். "நீங்களும் இளைச்சுத்தான் போயிட்டீக" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கூடத்துச் சுவருக்கு முன்னால் போய் நின்றாள். நல்ல கண்ணாலும் ஆபரேஷன் கண்ணாலும் மாறி மாறிப் பார்த்தாள். ஜெர்மனி, திருச்சி, ஆடிட்டர், சதுரங்கக் கோப்பை என்று ஒவ்வொரு படமாக. நடுவில் காலண்டர்.

"தேதி நல்லாத் தெரியுது மைனி" என்றாள்.

ஜூன் 21, வெள்ளி

டீச்சர் காலையில் கோவில்பட்டிக்குக் கிளம்பினாள். அவள் தம்பி மகன் காரோடு வந்திருந்தான். அரிசிப் பையை விட்டுவிட்டுப் போகிறாள்.

"இது என்ன?"

"உங்க அரிசியைத் தின்னேன்லா. கணக்கு நேராகட்டும்."

"எடுத்துட்டுப் போங்க. கூட்டி அள்ளுன அரிசி எனக்கு வேண்டாம்."

எடுக்கவில்லை. காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மைனி, அந்தக் கதை? வின்னிக்குச் சொத்து கிடைச்சுதா? கிரிம்ஷா மாட்டுனானா இல்லையா?"

"மிச்சம் ரெண்டு பாகம் இருக்கு. நான் முந்தியே கேட்டுட்டேன், நீங்க பால் வாங்கப் போயிருக்கும்போது."

"என்ன ஆச்சு, சொல்லுங்க."

"நான் சொன்னா நல்லா இருக்காது. வாசிச்சவகிட்டயே கேளுங்க." என் உள்ளங்கையைப் பிடித்து இழுத்து, பேனாவால் ஒரு நம்பரை எழுதினாள். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் எழுதுவாளோ என்னவோ, ஒவ்வொரு எழுத்தும் கொட்டையாக இருந்தது. "கை கழுவினா அழிஞ்சிரும் மைனி" என்றாள். கார் போய்விட்டது. கடைசி வரைக்கும் வஞ்சகம்தான்.

பாத்திரம் துலக்காமல் எவ்வளவு நேரம் இருப்பது? காலண்டரைக் கழற்றி அடுக்களையில் மாட்டினேன். அங்கேயும் தேதி தெரிய வேண்டும். பிறகு போனை எடுத்தேன்.

"ஹலோ, யாருங்க?"

"கதை வாசிக்கிற உலகம்மாளா?"

அந்தச் சாவுக் கட்டத்தில் கேட்ட அதே மூச்சு. பிறகு, "ஆச்சியா?" என்றாள்.

"ஆச்சி இருக்கட்டும். அந்த வக்கீல் மாட்டுனானா இல்லையா?"

"மாட்டுனான் ஆச்சி. அந்தப் பணக்காரக் கிழவிதான் உயிரோட இருக்கையில எல்லாத்தையும் சாட்சிக்காரங்ககிட்டச் சொல்லி வச்சிருந்தா. வின்னிக்கு வீடு கிடைச்சிருது."

"எனக்குத் தெரியும். அவ ஒருத்திக்குத்தான் அதுல புத்தி. எதுக்கு அவளைச் சாகடிச்ச?"

"புஸ்தகத்துல அப்படி இருக்கு ஆச்சி."

"இருந்தா? என் குரல்லயா சாகணும்?"

"வேற குரல் வரல ஆச்சி" என்றாள். "எத்தனையோ பேசிப் பாத்தேன். பெரிய மனுஷின்னா எனக்கு உங்க குரல்தான் வருது."

எனக்குத் தொண்டையைச் செருமவேண்டியிருந்தது. செருமினால் சிரிப்பாளே என்று அடக்கினேன்.

"உன் தொண்டை கம்மிக்கிடக்கு. வெந்நீர் குடிக்கணும்னு ஒருத்தர் சொல்லணுமா? அப்புறம் அந்த நாக்குச் சப்புக்கொட்டுதது, அத்தனை தடவை நான் கொட்டமாட்டேன்."

"சரி ஆச்சி."

"சரி என்ன சரி? இங்க சுவத்துல ஒரு ஆணி சும்மா நிக்கி. எதிர்வீட்டுப் பாண்டிச்செல்வி வந்து பாத்துட்டு, வாசிக்கிற பேத்தி படம் எங்கன்னு கேப்பா. அந்தக் கோட்டுப் படம் பீரோவுக்குள்ள கிடக்கு. அது கிடக்கட்டும், அது வேண்டாம்."

"நான் நேர்லயே வரட்டுமா ஆச்சி?"

"முதல்ல படம் வரட்டும். போன்ல அனுப்பாத, போனை ஆணியில மாட்ட முடியாது. மைக்குக்கு முன்னால உக்காந்து, இப்ப எப்படி இருக்கியோ அப்படியே புதுசா ஒரு படம் எடு. பெருசாக் கழுவி, ரெண்டு அட்டைக்கு நடுவுல வச்சு, மடங்காம தபால்ல போடு. பின்னால உன் பேரை முழுசா எழுது. சீக்கிரம் அனுப்பு."